தேசப்பனின் கழியும் தினகரனின் பச்சை வெளிச்சமும்

தனக்குப் பொறாமை என்று ஒன்று உண்டு என்பது தேசப்பனுக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை தன்னைப் பெருந்தன்மையான ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். பொறாமைப்பட எதுவும் வாய்க்காதவரை நம்மில் யார்தான் பெருந்தன்மையான ஆள் இல்லை?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவன். முப்பத்தெட்டு வயதுவரை கடலுக்குத்தான் போனான். ஒரு ஆடி மாதம் கரை அலையில் ஃபைபர் படகு புரண்டு வலது தோளில் விழுந்தது. அதற்கப்புறம் கடல் வலையை இழுக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. ஏரிக்கு மாறினான். ஏரி ஆழமில்லை, கழி ஊன்றித் தள்ளினால் படகு போகும். அதற்கு இடது தோள் போதும். கார்த்திகை முதல் மாசிவரை பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொள்வான். மற்ற மாதங்களில் இறாலும் நண்டும்.

இந்தப் பறவைக்காரர்கள் ஒரு தனி ஜாதி. சேற்று நிறத்தில் சட்டை, சேற்று நிறத்தில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். விடியற்காலையில் வந்து இறங்கி, கோயிலுக்குள் நுழைந்தது போலக் குசுகுசுவென்று பேசுவார்கள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பறவையைப் பார்ப்பது ஒரு வேலையே இல்லை. பார்த்த பறவையை இன்னொருத்தர் கண்ணில் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை. அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது தேசப்பனின் முடிவு.

அதற்கு அவன் வைத்திருந்த வழி ஏரிக்காரர்களுக்கே உரிய வழி. வலை கட்டுவதற்காக ஏரி முழுக்கக் கழிகள் ஊன்றியிருக்கும். அவற்றை வைத்துத்தான் அவன் அடையாளம் சொல்வான். கையில் இருக்கும் கழியைக் கிடைமட்டமாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பான்.

"மொதக் கழி கோதண்டம் அண்ணனுது, அத்த வுட்டுடுங்க. ரெண்டாவது கழி லேசா சாஞ்சிக்கினு இருக்குது பாருங்க. அதுக்கு இந்தாண்ட நாலு வெரல் தள்ளிச் சேறு கறுப்பா இருக்குதா? அந்தச் சேத்தோட மூக்குல நிக்குது உள்ளான்."

இதில் எந்தக் கழி கோதண்டத்துடையது என்று பட்டணத்து ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர்கள் பைனாகுலரை இடதும் வலதும் ஆட்டித் தேடுவார்கள். பாதிப் பேருக்கு அகப்படுவதற்குள் உள்ளான் பறந்துவிடும். "பட்டணத்துக் கண்ணு, இன்னா பண்றது" என்று தேசப்பன் மனசுக்குள் அவர்களை மன்னித்துவிடுவான்.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் அந்த மன்னிப்பு தேவைப்பட்டதில்லை. அது கீதா டீச்சர்.

பெரம்பூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷமாக ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் கழிந்து வருவார். பொன்னேரிவரை ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், அப்புறம் ஆட்டோ. தேசப்பனுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் எலுமிச்சம் சாதம் இருக்கும். ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலத் தேடித் தடுமாறியவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது மாறியது. தேசப்பன் கழியை நீட்டி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதான், உடனே, "ஆங், பார்த்துட்டேன் தேசப்பன்!" என்று சொல்லிவிடுவார். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும்.

"டீச்சர் கண்ணு கழுகுக் கண்ணு" என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் தேசப்பன். அந்தப் பெருமையில் முக்கால்வாசி தனக்குச் சேர வேண்டியது என்பது அவன் எண்ணம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் தினகரன் வந்து விழுந்தான்.

தினகரன் வேறு யாருமில்லை, தேசப்பன் மனைவி அமுதவல்லியின் தம்பி. முப்பத்துநான்கு வயது. அவனும் ஏரியில் படகு வைத்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் படகில் வந்த யாரோ ஒரு பறவைக்காரர், போகும்போது பேனா மாதிரி ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பொத்தானை அழுத்தினால் பச்சை வெளிச்சம் பாயும். லேசர். எதிரே சேற்றில் பச்சையாக ஒரு புள்ளி விழும். பறவைக்கு ஒரு சாண் தள்ளிப் புள்ளியை வைத்து, "அங்க பாருங்க" என்பான் தினகரன். அவ்வளவுதான். படகிலிருக்கும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "ஆ" என்பார்கள்.

அந்த "ஆ" தண்ணீரின் மேல் வெகுதூரம் கேட்கும். பக்கத்துப் படகில் கழி ஊன்றிக்கொண்டிருக்கும் தேசப்பனுக்கு நன்றாகவே கேட்கும்.

வயிறு எரிய ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் அதை அவன் பறவைகள் மேல் உள்ள அக்கறை என்று பெயரிட்டுக்கொண்டான். "அந்த வெளிச்சம் பட்டா பறவை கண்ணு அவிஞ்சிடும்" என்று தன் படகில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னான். ஒரு நாள் கல்லூரிக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பறவை மேல அடிச்சாதாங்க தப்பு. அவர் பக்கத்துலதானே அடிக்கிறார், சரியாத்தான் பண்றார்" என்றார். போதாததற்கு, "அடுத்த தடவை அவர் படகுல வரலாம்னு இருக்கோம்" என்றும் சேர்த்துக்கொண்டார். தேசப்பன் அதற்கப்புறம் பறவைகளின் கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் சாவிக்கொத்தும் சீப்பும் விற்பவனிடம் தானும் ஒரு லேசர் வாங்கினான். அது சிவப்பு. விடியற்கால வெளிச்சத்திலேயே அதன் புள்ளி நாலு முழத்துக்கு அப்பால் காணாமல் போனது. வீட்டுப் பூனை மட்டும் அதைச் சுவரில் துரத்தி ஓடியது. அமுதவல்லி சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த குடம் தளும்பியது.

"என் தம்பி மேல உனுக்கு இன்னாயா அவ்ளோ காண்டு? அவன் உன்ன மாமா மாமான்னு சுத்திக்கினுதானே இருக்கான்?"

"எனுக்கு இன்னா காண்டு? வேலைன்னா சுத்தமா செய்யணும். கண்ணுல தேடிப் பாத்தா அது பறவை. லைட்டு அடிச்சு காட்டுனா அது சர்க்கஸ்."

"சர்க்கஸ்னு சொல்லிட்டு நீ ஏன் டிக்கெட் வாங்கினே?" என்று அவள் சிவப்பு லேசரைக் காட்டினாள். தேசப்பன் முற்றத்தில் இறங்கிப் போய்விட்டான்.

ஒரே ஆறுதல், வெயில் ஏறிவிட்டால் அந்தப் பச்சைப் புள்ளியும் செத்துவிடும். அதனால் தேசப்பன் தினமும் கண் விழித்ததும் கிழக்கே பார்த்து வெயிலைக் கும்பிட ஆரம்பித்தான். மேகமூட்டமான நாட்களில் சாப்பாடு இறங்காது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம், நடுவில் அந்த விதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஏரியில் மீன்பிடிக்கப் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் இவர், நாளைக்கு அவர் என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். பறவைக்காரர்கள் வர ஆரம்பித்தபோது படகுக்காரர்கள் அவர்களையும் அந்த முறையில் சேர்த்தார்கள். யார் முறையோ அவர் படகில்தான் வருகிறவர் ஏற வேண்டும். கரையில் நின்று முறை பார்ப்பது கோதண்டத்தின் பொறுப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால், கீதா டீச்சர் தன் படகைக் கேட்டும் வேறு ஒருவர் முறை என்று அவரை மாற்றி ஏற்றியபோது, தேசப்பன் ஊர்க் கூட்டத்தில் குதித்தான். "பேரச் சொல்லிக் கேட்டு வர்றவங்கள எப்பிடி மாத்தி ஏத்துவீங்க? பேரு சொன்னா அந்தப் படகுதான். இது நாயமா இல்லியா?" கூட்டம் தலையாட்டியது. பெயர் சொல்லிக் கேட்டால் முறை பார்ப்பதில்லை என்று முடிவானது.

இப்போது ஆட்டோவிலிருந்து இறங்குகிற பத்துப் பேரில் ஏழு பேர் தினகரன் பெயரைச் சொன்னார்கள். தேசப்பன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்? விதியைக் கொண்டு வந்த வாய் அவனுடையதுதான்.

யார் போனாலும் டீச்சர் போகமாட்டார் என்ற ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அதிலும் போன தை மாதம் ஒரு முள் தைத்தது. தேசப்பன் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் டீச்சர் வந்தார். அமுதவல்லியே அவரைத் தம்பி படகில் ஏற்றி அனுப்பினாள். எலுமிச்சம் சாதம் மட்டும் வீட்டுக்கு வந்தது. டீச்சர் என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்று தினகரனிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஒரு வருஷம் கேட்காமலே இருந்தான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த நான்காம் நாள். வானம் முழுக்க மேகம். விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். டீச்சர் வருகிறார் என்று முந்தின நாளே தகவல் வந்திருந்தது. தகவல் வந்தது தினகரனின் போனுக்கு. அமுதவல்லி அதைச் சொன்னதிலிருந்து தேசப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகை இரண்டு தரம் கழுவினான். டீச்சர் உட்காரும் பலகையில் புதுச் சாக்கு விரித்தான்.

ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். மணலில் காலை வைக்கும் முன் ஒரு கணம் நிதானித்து வைத்தார். கோதண்டம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"வாங்கம்மா. யார் படகு?"

டீச்சர் தேசப்பன் நின்ற பக்கம் பார்த்தார். சிரித்தார். பிறகு கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தினகரன் படகு."

கரையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் தேசப்பனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. தேசப்பன் தன் படகில் விரித்திருந்த புதுச் சாக்கைப் பார்த்தான். பதினொரு வருஷம்! ஒரு பேனா வெளிச்சத்துக்குப் பதினொரு வருஷம் போய்விட்டதே என்று அழுகை போல வந்தது.

"தேசப்பனும் கூட வரட்டுமே" என்றார் டீச்சர் மெல்ல. "தண்ணி குறைவா இருக்குன்னு தினகரன் சொன்னார். ரெண்டு பேர் தள்ளினா நல்லதுதானே?"

"ஆமா மாமா, நீ வா. உன் ஆளுதானே டீச்சர்" என்றான் தினகரன். அவன் உண்மையான பிரியத்தோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது.

படகைத் தண்ணீரில் இறக்கும்போது எல்லோரும் செய்வதுபோலத் தினகரன் சட்டையைக் கழற்றிக் கரையில் ஊன்றியிருந்த கம்பத்தில் மாட்டினான். பையில் லேசர் பேனாவின் தலை தெரிந்தது. எல்லோரும் குனிந்து படகைத் தள்ளினார்கள். தோள் வலி என்று தள்ளி நின்றிருந்த தேசப்பனின் கை தானாக நீண்டது. எடுத்தான். லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான். மைத்துனன் பொருளைத் திருடுகிறோம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வது போலத்தான் இருந்தது.

படகு கண்டல் புதர்களைத் தாண்டித் திறந்த ஏரிக்கு வந்தது. தூரத்தில் பூநாரைகள் வெளிர் ரோஜாக் கோடாக நின்றன. ஏறும்போது திரும்பப் போட்டுக்கொண்ட சட்டையின் பையைத் தினகரன் தடவினான். பலகைக்கு அடியில் பார்த்தான். மறுபடி பையைத் தடவினான்.

"இன்னாடா தேடறே?" என்றான் தேசப்பன், பின்னால் கழி ஊன்றியபடி.

"லைட்டு மாமா. சட்டையிலதான் இருந்துச்சு. கரையில வுழுந்துடுச்சோ, இன்னாவோ."

"பரவாயில்ல தினகரன்" என்றார் டீச்சர். ஆனால் அவர் குரல் விழுந்துவிட்டது. அதைத் தேசப்பன் கேட்டான். கேட்டும் உள்ளுக்குள் குஷியாக இருந்தது. லேசர் இல்லாத தினகரன் எப்படிக் காட்டுகிறான், பார்க்கலாம்.

தினகரனுக்குக் காட்டத் தெரியவில்லை. "அதோ டீச்சர், அங்க, அந்தச் சேத்துல" என்று கையை நீட்டினான். எந்தச் சேறு? ஏரி முழுக்கச் சேறுதான். டீச்சர் பைனாகுலரைப் பிடித்தபடி அலைந்தார். தேசப்பன் ஐந்து நிமிஷம் அந்த வேடிக்கையை ரசித்தான். பிறகு, போனால் போகிறது என்கிற தோரணையில், முன்னால் வந்து நின்றான்.

அந்த நேரத்தில்தான் அது வந்து இறங்கியது. கறுப்பு வெள்ளை உடம்பு, கேரட் போல நீண்ட செக்கச்சிவந்த அலகு. பறவைக்காரர்கள் அதைச் சிப்பி பிடிப்பான் என்பார்கள். இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வரும். பதினொரு வருஷத்தில் டீச்சர் பெயர் சொல்லி, "ஒரு தடவையாவது பார்க்கணும்" என்று கேட்ட ஒரே பறவை அது.

தேசப்பன் காலை அகட்டி ஊன்றினான். கழியைக் கிடைமட்டமாக நீட்டினான்.

"டீச்சர், சிப்பி பிடிப்பான்! மொத ரெண்டு கழிய வுட்டுடுங்க. மூணாவது கழிக்கு அந்தாண்ட ஒரு முழம். சிப்பி மேடு தெரியுதா? அதும் மேலேயே நிக்குது!"

டீச்சர் பைனாகுலரைத் திருப்பினார். அதே நேரம் மேலே ஒரு பருந்து தாழ்ந்து வட்டமிட்டது. சிப்பி பிடிப்பான் விருட்டென்று எழும்பி, படகுக்குப் பின்னால் வட்டமடித்து, இடது பக்கச் சேற்றுத் திட்டில் போய் இறங்கியது. தேசப்பன் அதைக் கண்ணாலேயே தொடர்ந்து போய், "பறந்துடுச்சு டீச்சர், இந்தாண்ட" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆங், பார்த்துட்டேன் தேசப்பன்!" என்றார் டீச்சர். வலது பக்கம், ஒன்றுமில்லாத சிப்பி மேட்டைப் பைனாகுலரில் பார்த்தபடி. "என்ன அழகு! என்ன சிவப்பு அந்த மூக்கு!"

முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. முன்பு தன் படகில் அவன் பார்த்த அதே சிரிப்பு.

தேசப்பனின் திறந்த வாய் மூடவில்லை. தினகரனைப் பார்த்தான். தினகரனும் பறவை பறந்ததைப் பார்த்திருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது.

"டீச்சர்" என்றான் தேசப்பன். "மூணாவது கழி தெரியுதா உங்களுக்கு?"

டீச்சர் பைனாகுலரை இறக்கினார்.

"கழி எதுவுமே தெரியலை" என்றார். "மூணு வருஷமாச்சு. சர்க்கரை, கண்ணுக்குள்ள போயிடுச்சு. மெல்லிசா இருக்கறதெல்லாம் கலங்கிப் போயிடும். நீங்க அவ்வளவு ஆசையா காட்டுவீங்க. தெரியலைன்னு எப்படிச் சொல்றது? பச்சையா அந்தப் புள்ளி மட்டும் தெரியும். அதுக்கு நேரா பைனாகுலரைக் கொண்டுபோனா, பக்கத்துல இருக்கறது கொஞ்சம் புடிபடும். அதனாலதான் தினகரன் படகு கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க தேசப்பன்."

மூன்று தை மாதம். அதில் இரண்டு இவன் படகில். கழுகுக் கண்ணு என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தானே, அந்தக் கண் அவன் காட்டிய ஒரு பறவையைக்கூடப் பார்த்ததில்லை. அவன் முகம் வாடக் கூடாதென்று அவ்வளவு தூரம் வந்து, இல்லாத பறவைகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிப்பி பிடிப்பான் இன்னும் இடது பக்கத் திட்டில்தான் நின்றது. சேற்றில் அலகைக் குத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்னும் அரைமணியில் மேகம் விலகினால் பச்சைப் புள்ளியும் தெரியாது. லுங்கி மடிப்பில் பேனா இடுப்பில் குத்தியது.

தேசப்பன் அதை வெளியே எடுத்தான்.

தினகரன் பேனாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "எங்க மாமா கெடந்துச்சு? கரையிலயா?" என்றான் அவசரமாக. ஆம் என்று சொல்லிவிட வழி விட்டுத்தான் கேட்டான்.

"எங்கியும் கெடக்கல. நான்தான் எடுத்தேன். உன் சட்டையிலேர்ந்து." டீச்சருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். "இந்தா, சீக்கிரம் காட்டு."

தினகரன் வாங்கவில்லை. தேசப்பன் கையிலிருந்த கழியை மட்டும் வாங்கிக்கொண்டான். "படகு ஆடுது மாமா, நான் புடிச்சிக்கிறேன். நீயே காட்டு. பறவை மேல வெக்காத. ஒரு சாண் கீழ."

தேசப்பன் பொத்தானை அழுத்தினான். பச்சைப் புள்ளி தண்ணீரில் விழுந்து துள்ளியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். புள்ளி திட்டில் ஏறி, ஊர்ந்து, பறவையின் சிவந்த கால்களுக்கு ஒரு சாண் கீழே ஈரச் சேற்றில் நின்றது.

"டீச்சர், இந்தப் பக்கம்" என்றான்.

டீச்சர் திரும்பினார். பைனாகுலர் ஒரு கணம் அலைந்து, நின்றது.

அவர் "பார்த்துட்டேன்" என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூச்சை இழுத்தவர் விடவில்லை. நெற்றிச் சுருக்கமெல்லாம் போய், அந்த அறுபத்தெட்டு வயது முகம் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற சின்னப் பெண்ணின் முகம் போல ஆகிவிட்டது. பைனாகுலருக்குக் கீழே கன்னத்தில் நீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

தேசப்பன் பறவையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையாகப் பார்க்கும்போது டீச்சரின் முகம் இப்படி ஆகும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. இந்த முகத்தைத் தினகரன் போன தை மாதமே, நாள் முழுக்கப் பார்த்திருக்கிறான்.

தேசப்பனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. கை வலித்தது, தோள் வலித்தது. பறவை தானாகப் பறந்து போகும்வரை பச்சைப் புள்ளியை அவன் நகர விடவில்லை.